ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்றவர் 61-ஆம் நாள் கல்யாண வீட்டில் இருந்தார்

என் தம்பி பெயின்டர். போன வருஷம் அவன் வேலைக்குப் போன வீட்டில் நகை காணாமல் போனது. விசாரணைக்கு என்று கூப்பிட்டுப் போனார்கள், மறுநாள் ரிமாண்ட். ஜெராக்ஸ் கடைக்காரர் கைகாட்டிய வக்கீலிடம் 25,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்குக் குமாஸ்தா சிரித்தார்.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடி. அதில் எனக்குக் குறையில்லை, எந்த நல்ல வக்கீலுக்கும் நடப்பதுதான். அப்புறம் "ஜட்ஜ் பக்கம் கொஞ்சம் கவனிக்கணும்" என்று இன்னொரு 15,000 கேட்டார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கொடுத்தது எங்கள் தப்பும்தான். செஷன்ஸ் கோர்ட்டில் மனு போட்டாச்சு என்றே நாலு வாரம் ஓட்டினார். மனு எண் கேட்டால், "என்ன தம்பி, என்மேல நம்பிக்கை இல்லையா?"

ஒருநாள் ஜெயிலில் தம்பியைப் பார்க்கப் போனபோது வலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான்: "அண்ணே, பக்கத்து ஆளை 60 நாள் முடிஞ்சதும் விட்டுட்டாங்களே, நமக்கு ஏன் போடல?" அன்றுதான் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

போலீஸ் பொதுவாக 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரண தண்டனை, ஆயுள், பத்து வருஷம், அதற்கு மேல் என்று போகிற குற்றங்களுக்கு 90 நாள். தவறினால் வழக்கு எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஜாமீன் உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2) பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 187(3). ஆனால் தானாக வராது, மனு போட்டுக் கேட்க வேண்டும். அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. கணக்கு ரிமாண்ட் செய்த நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து.

தம்பி மேல் போட்டது வீட்டுத் திருட்டு, அதிகபட்சம் 7 வருஷம். 61-ஆம் நாள் நம் வக்கீல் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார். 63-ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த நாளைக் கணக்கு வைப்பதைவிட முக்கியமான வேலை அந்தக் கட்டத்தில் அவருக்கு இல்லை.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு (15100-க்குக் கூப்பிடலாம்). மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வியே "ரிமாண்ட் தேதி என்ன?" ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் தேடிப் பார்த்தார். செஷன்ஸில் எந்த மனுவும் இல்லை. நாலு வாரக் கதை அவ்வளவுதான். தம்பி வெளியே வர மொத்தம் 97 நாள் ஆனது.

பழைய வக்கீல் பாக்கி கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்றார். ஃபீஸுக்காகக் கேஸ் பேப்பரைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. புது வக்கீல் அதைச் சொன்னதும் மறுநாளே கட்டு வந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன், உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்கள் அதில் வர மாட்டார்கள். பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ரொக்கமாகக் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. அந்த 15,000 பற்றி அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று மட்டும் அம்மா போனில் இருக்கிறது. அந்தப் போனை இப்போது வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.