புன்டோவா, போலோவா? டூரினின் கடனும் வுல்ஃப்ஸ்பர்க்கின் கட்டுக்கோப்பும்

பழைய டீசல் கார் வாங்குவது என்று முடிவானதும், கழித்துக் கட்டியது போகக் கடைசியில் நின்றவை இரண்டு: ஃபியட் புன்டோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஃபியட் 2019-இல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. போலோ 2022-இல் விடைபெற்றது. ஆனால் ஃபோக்ஸ்வேகன் இங்கேதான் இருக்கிறது. ஷோரூமும் சர்வீஸ் நிலையமும் திறந்திருக்கின்றன. அப்படியிருந்தும் நான் வாங்கியது புன்டோ. “கடையைக் காலி செய்துவிட்டுப் போனவனின் காரையா?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உள்ளலங்காரத்தின் நேர்த்தியில் போலோ மேல். குண்டும் குழியுமான சாலையில் அசராமல் போவதில் புன்டோ மேல். மறுவிற்பனை விலையில் போலோ எங்கோ நிற்கிறது. அதனாலேயே வாங்குகிறவனுக்குப் புன்டோ மலிவு. இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது எஞ்சின் உதிரிபாகம். அது ஏன் மூலைக்கு மூலை கிடைக்கிறது என்று தேடிப் போனால், கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்குகிறது.

1899-இல் அங்கே பிறந்த ஃபியட், பல தலைமுறைகளாக அக்னெல்லி குடும்பத்தின் கையில் இருந்தது. திறமையான பொறியாளர்களுக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் அடிக்கடி தட்டுப்பாடு. இன்றைய டீசல் கார்களுக்கெல்லாம் அடிப்படையான காமன் ரெயில் முறையை (எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலை வைத்துப் பீய்ச்சும் முறை) காருக்கு ஏற்றபடி உருவாக்கியதில் ஃபியட் ஆய்வு மையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1994-இல் அந்த உரிமையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். 1997-இல் ஃபியட் குழுமத்தின் ஆல்ஃபா ரோமியோ 156 அந்த முறையோடு முதலில் சந்தைக்கு வந்தது என்ற பெருமை மிஞ்சியது. பணம் பார்த்தது பாஷ்.

2000-இல் அடுத்த கூட்டு. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபியட்டின் கார் பிரிவில் 20 சதவீதம் வாங்கியது. மீதி 80 சதவீதத்தையும் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் தலையில் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. எஞ்சின்களை இரு நிறுவனங்களும் சேர்ந்து தயாரித்தன. அந்தக் கூட்டில் 2003-இல் போலந்தில் உற்பத்திக்கு வந்ததுதான் புன்டோவில் இருக்கும் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின். இதற்குள் ஃபியட் நஷ்டத்தில் மூழ்கியது. 2004-இல் ஃபியட்டின் தலைமைப் பொறுப்பேற்ற செர்ஜியோ மார்க்கியோன்னே அந்த ஷரத்தையே ஆயுதமாக்கினார். ஃபியட்டை முழுசாக வாங்கிக்கொள்ளும் தலைவலியிலிருந்து தப்பிக்க 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 200 கோடி டாலர் கொடுத்து விலகியது. பெண் வீட்டாரே சீர் கொடுத்துச் சம்பந்தத்தை முறித்துக்கொண்ட மாதிரி.

சம்பந்தம் முறிந்தாலும் எஞ்சின் இரு வீட்டிலும் தங்கியது. ஜெனரல் மோட்டார்ஸிடம் அப்போது இருந்த ஓப்பல் அதைப் பயன்படுத்தியது. சுசுகி உரிமம் வாங்கியது. மாருதி மானேசரில் அதைத் தயாரித்து ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் என்று வரிசையாகப் பொருத்தியது. டாடாவும் விஸ்டாவில் வைத்தது. “தேசிய எஞ்சின்” என்று இங்கே கேலியாகப் பெயர் வந்தது சும்மா இல்லை. ஃபியட் போய்விட்டது, ஆனால் அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் தாலுகா தலைநகர்தோறும் இருக்கிறார். அவர் அதை ஸ்விஃப்ட் எஞ்சின் என்றுதான் சொல்வார், சொல்லட்டும்.

ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோக்ஸ்வேகன் இதற்கு நேர்மாறு. அந்த ஊர் இருக்கும் லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீத வாக்குரிமை, மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று, சுலபத்தில் யாரும் விலை பேச முடியாத அமைப்பு. ஆகவே எதையும் விற்றுத் தீர வேண்டிய அவசியம் வரவில்லை. மாறாக ஆடி, சியட், ஸ்கோடா என்று வாங்கிச் சேர்த்தது. எஞ்சினும் வீட்டுக்குள்ளேயே. மற்றவர்கள் காமன் ரெயிலுக்கு மாறிய பின்னும் பல ஆண்டுகள் டீசலைப் பீய்ச்சும் தன் சொந்த முறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு மாறியபோது வந்த இஏ189 குடும்ப எஞ்சின்தான் 2015-இல் புகைச் சோதனை மோசடியில் சிக்கியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டவை 3 லட்சத்துக்கும் மேல். அந்த அடியையும் தாங்கி நிற்கிறது என்றால் அந்தக் கட்டுக்கோப்பின் பலம் அது. ஆனால் போலோ டீசலின் எஞ்சின் பாகம் வேண்டுமானால் வென்டோ, ரேபிட், ஃபாபியா என்று அதே குடும்பத்துக்குள்தான் தேட வேண்டும். விலையும் அந்தக் குடும்பம் சொல்வதுதான்.

இன்னொன்று: எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது மல்டிஜெட்டில் டைமிங் செயின். போலோ டீசலில் பெல்ட். குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். பழைய வண்டியில் அதை மாற்றினார்களா என்பதற்கு ரசீது கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்னகைதான் பதில். செயினும் சாகாவரம் பெற்றதல்ல. ஆயிலைத் தள்ளிப்போட்டால் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்று சத்தம் தரும்.

போலோவை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. மைத்துனரின் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டியதோடு சரி. ஆகவே அதன் நீண்டகாலப் பராமரிப்பில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி கியர் வேண்டும் என்பவருக்குப் புன்டோவில் வழியே இல்லை. அவர் பெட்ரோல் போலோ பக்கம் போகலாம்.

புன்டோ பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைவிட உடம்பை உற்றுப் பாருங்கள். எஞ்சின் பாகம் ஊரெல்லாம் உண்டு. முகப்பு விளக்கு, பம்பர், பக்கக் கண்ணாடி ஆகியவை ஃபியட்டுக்கு மட்டுமே உரியவை, தேடித்தான் பிடிக்க வேண்டும். 90 குதிரைத்திறன் மாதிரியைவிட 75-ஐ ஒட்டியதே நல்லது. அதன் எளிமையான டர்போதான் ஸ்விஃப்டிலும் இருப்பது. விளக்கின் பிடிமானக் காதுகள் உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்று பானெட்டைத் தூக்கி விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த வண்டியைப் பாருங்கள்.