ஏல நேரத்தில் சர்வர் படுக்கக் கூடாது: ஹோஸ்டிங் பற்றி என் நீண்டகால அனுபவம்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளுக்கும், போடிமெட்டு மலைப்பாதை ஏறினால் வரும் கேரளத்து நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குமாக அன்றன்றைய ஏல விலையைப் போடும் ஒரு சின்ன தளத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். கேரளப் பக்கம் புத்தடியிலும், இங்கே போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலம் நடக்கிறது. எவ்வளவு காய் வந்தது, எவ்வளவு விற்றது, அதிக விலை என்ன, சராசரி என்ன, இந்த நான்கு எண்தான் தளத்தின் உயிர். வீட்டில் காய வைத்து மூட்டை கட்டி வைத்திருக்கும் காயை இன்று கடைக்குக் கொண்டுபோவதா, இன்னும் பத்து நாள் வைத்திருப்பதா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது இதைப் பார்த்துத்தான். அதனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வாங்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: காலை ஏலம் நடக்கும்போது சர்வர் எழுந்து நிற்குமா, நிற்காதா.

முதலில் இருந்தது அமெரிக்காவில் சர்வர் வைத்திருந்த ஒரு ஷேர்டு ஹோஸ்டிங். பெயர் வேண்டாம். 99.9 சதவீத அப்டைம் (சர்வர் படுக்காமல் ஓடும் நேரம்) என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 நாள் மாதத்தில் 43 நிமிடம், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்திருந்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறாது. முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே சேராது. அந்தப் பராமரிப்பை அவர்கள் ஊரில் ஆள் நடமாட்டம் இல்லாத நள்ளிரவில் வைத்துக்கொள்வார்கள், அவர்கள் இடத்தில் அது நியாயம்தான். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு 12 மணி என்பது நமக்குக் காலை 9.30, அங்கே குளிர்கால நேரத்துக்கு மாறிவிட்டால் 10.30. சரியாக ஏலம் சூடு பிடிக்கும் நேரம்! மாதக் கடைசியில் அறிக்கையைப் பார்த்தால் 99.9-க்கு மேலேயே இருக்கும். போன் மட்டும் எனக்கு வந்துகொண்டிருக்கும், இந்தப் பக்கத்திலிருந்து “அண்ணே, சைட் படுத்திருச்சா?” என்று, அந்தப் பக்கத்திலிருந்து “சேட்டா, சைட் கிட்டுந்நில்லல்லோ” (அண்ணே, சைட் கிடைக்கவில்லையே) என்று.

சதவீதத்தை நம்பி ஹோஸ்டிங் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். எத்தனை நிமிடம் படுத்தது என்பதைவிட எந்த நிமிடத்தில் படுத்தது என்பதுதான் நம்மைப் பாதிக்கிறது. பராமரிப்பு எந்த நேர மண்டலத்தில் நடக்கும் என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பதில் வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 ஆகஸ்டில் புத்தடியில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். 2018 வெள்ளத்தில் செடி போய், அடுத்த வருடக் கோடையில் மிச்சம் இருந்ததும் காய்ந்து, காயே இல்லாமல் ஏறிய விலை அது. மலையில் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்துக்கு வந்தார்கள் என்று நினைக்கும் அளவுக்குக் கூட்டம். வந்தவர்களுக்குக் கிடைத்தது விலை அல்ல, 508 பிழை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும், ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு சிபியு, இவ்வளவு மெமரி, ஒரே நேரத்தில் இத்தனை ப்ராசஸ் (ஓடும் நிரல்) என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் திட்டத்திலும் இந்த வரம்பு உண்டு, விதிமுறைப் பக்கத்தில் ஆழத்தில் எழுதியிருக்கும். ஆதரவுக் குழுவிடம் கேட்டால் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை, சர்வர் ஓடியது, என் தளம்தான் யாருக்கும் திறக்கவில்லை. அவர்கள் அளப்பது சர்வரையும் நெட்வொர்க்கையும். தோட்டக்காரருக்குத் தேவை அன்றைய விலை இருக்கிற பக்கம்.

அதற்குப் பிறகு போன இரண்டாவது நிறுவனம் இந்தியாவில் சர்வர் வைத்திருந்தது. வேகம் உடனே தெரிந்தது. அமெரிக்காவுக்குப் போய் வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், மும்பைக்கு அதில் சிறு பங்குதான், அதுவும் மெட்டுக்கு மேலே ஒரு புள்ளி சிக்னலில் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சர்டிபிகேட் விஷயத்தில் அவர்கள் சொதப்பினார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சர்டிபிகேட் 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும் வேலை அவர்கள் பக்கத்தில் நின்றுபோயிருந்தது, திறப்பவர்களுக்கு எல்லாம் இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கை. காசு சம்பந்தப்பட்ட தளத்தில் அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தவர் மறுபடி வருவாரா? டிக்கெட் போட்டால் மறுநாள் பதில். அங்கிருந்து கிளம்ப அதுவே போதுமாக இருந்தது.

இப்போது இருப்பது பெங்களூர் டேட்டா சென்டரில் ஒரு சின்ன விபிஎஸ் (பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் தனிப் பங்கு), நீண்ட நாளாக இதில்தான். 1 ஜிபி ரேம் திட்டம் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மெமரி தீர்ந்தால் சர்வரை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிக மெமரி தின்னும் மைசீக்வல் டேட்டாபேஸ்தான் பலி. சர்வர் உயிரோடு இருக்கும், டேட்டாபேஸ் செத்திருக்கும். ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) வைத்தால், பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பி ப்ராசஸ் எண்ணிக்கையைக் குறைத்தால் பெருமளவு சரியாகும். ஆனால் எனக்கு உண்மையான நிம்மதி வந்தது வேறு வழியில். விலையை உள்ளே ஏற்றியதும் அந்தப் பக்கம் வெறும் எச்டிஎம்எல் கோப்பாக எழுதப்படும்படி மாற்றிவிட்டேன். பார்க்க வருபவருக்கும் டேட்டாபேஸுக்கும் இப்போது சம்பந்தமே இல்லை. மைசீக்வல் படுத்தாலும் விலைப் பக்கம் வரும், விலை எகிறும் நாளில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதே சின்ன சர்வர் அசையாமல் தாங்குகிறது. ஹோஸ்டிங் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், பலருக்கு மாற்ற வேண்டிய தேவையே வராது.

கண்காணிப்பு வெளியிலிருந்து நடக்க வேண்டும். இது மலைப் பகுதிக்கு இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் ஒரு மழைக் காற்றுக்கு மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இங்கே எல்லாத் தளமும்தான் வராது, சர்வர் மேல் பழி போடக் கூடாது. அப்டைம்ரோபோட் போன்ற சேவையின் இலவசத் திட்டம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கும், இடையில் இரண்டு நிமிடம் படுத்து எழுந்தால் அதற்குத் தெரியாது, என்றாலும் என்னைப் போன்றவர்களுக்கு அது போதும். வெறுமனே பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் ‘சராசரி விலை’ என்ற சொல்லை வைத்திருக்கிறேன். பிழைச் செய்தியோ வெள்ளைப் பக்கமோ வந்தால் அந்தச் சொல் இருக்காது, உடனே தகவல் வந்துவிடும்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடம் முழுக்க எரிந்தது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த சிலருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால். அதனால் ஹோஸ்டிங்காரர் தரும் பேக்கப் இருக்கட்டும், தினமும் ஒரு நகல் வேறு நிறுவனத்திடமும் இன்னொன்று வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அதைத் திறந்து மீட்டுப் பார்ப்பேன். பழைய விலைப் பட்டியலைத் திரும்ப யார் தருவார்கள்? டொமைனையும் (தளத்தின் பெயர் முகவரி) ஹோஸ்டிங் வாங்கிய இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன், டிஎன்எஸ் டிடிஎல், அதாவது பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்பதை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 300 விநாடி. நாளைக்கே சர்வரை மாற்ற வேண்டி வந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் புது இடம் திறந்துவிடும்.

அப்புறம் காசு. அப்டைம் உறுதிமொழி தவறினால் இழப்பீடு தருவோம் என்பார்கள், அது நாம் கட்டிய மாத வாடகையில் ஒரு பங்கு, அதுவும் நாமே கேட்டு நிரூபித்தால். ஏலம் தவறியவரின் நட்டம் அந்தக் கணக்கில் வராது. முதல் வருடம் மலிவாகக் கொடுத்துப் புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணம், எனவே விலையை ஒப்பிடும்போது புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் பாருங்கள். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று வருவதை நான் தொடுவதே இல்லை. கட்டிய பணம் போய்விடுமே என்று மோசமான சர்வரைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்களை போடியிலேயே பார்க்கிறேன். இப்போதைய நிறுவனத்தில் போனில் பேச ஆள் கிடையாது, சாட்டில்தான் எல்லாம், ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவருக்கு அது கஷ்டம், அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி பராமரிப்பை நம் நேரப்படி இரவு 2 மணிக்கு மேல் வைக்கிறார்கள், முன்கூட்டி மெயில் அனுப்புகிறார்கள், சொன்ன நேரத்தில் முடிக்கிறார்கள். இந்த வருடமும் இவர்களிடமே புதுப்பிக்கிறேன், ஒரு வருடத்துக்கு மட்டும்.