சிஎம்ஒய்கே படங்களுக்காக லைப்ரரி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மூன்று மாத வருமானம். மறுஅச்சுக்கான பணத்தை நேற்று மாலைதான் கட்டினேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. ஆண்டு உரிமத்துக்குக் காசு வாங்கும் ஒரு கிராஃபிக்ஸ் லைப்ரரி (படங்களைக் கையாள நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு), அவ்வளவுதான். வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

உதிரிபாக கேட்லாக்குகளுக்கான படங்களை அளவு மாற்றி, பக்கத்தில் அடுக்கி, அச்சுக்குப் போகும் கோப்பாகத் தரும் மென்பொருள் எழுதுவது என் வேலை. வரும் படங்கள் எல்லாமே சிஎம்ஒய்கே, அதாவது ஒவ்வொரு நிறத்தையும் நான்கு அச்சு மைகளின் சதவீதமாகக் குறிப்பவை. அவற்றில் பாகங்களின் எண்கள் பொடி எழுத்தில் இருக்கும், வெறும் கறுப்பு மையில்: சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் 0, கறுப்பு 100. அதனால் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டேன்: "சிஎம்ஒய்கே-யாக உள்ளே போவது சிஎம்ஒய்கே-யாகவே வெளியே வருமா?" "முழு ஆதரவு உண்டு" என்று பதில் வந்தது.

அதை மட்டும் நம்பிவிடவில்லை. சோதனைக் காலத்தில் ஒரு ஜேபெக்கைத் திறந்தேன். படம் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி வந்தது. கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்: ஃபோட்டோஷாப் சிஎம்ஒய்கே ஜேபெக்கில் மதிப்புகளைத் தலைகீழாக எழுதும், 0 என்றால் முழு மை, கோப்பில் அடோபியின் ஏபிபி14 குறி (ஜேபெக்குக்குள் அடோபி மென்பொருள் எழுதும் அடையாளம்) இருக்கிறதா என்று பார்த்துத் திருப்ப வேண்டும், அதற்கு இந்த அமைப்பை மாற்றுங்கள். மாற்றினேன், படம் சரியானது. அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. இவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். அன்றே உரிமம் வாங்கினேன்.

3,000 பிரதிகள் அச்சாகி வந்தன. திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்த எண்கள் தாளில் மங்கலாக, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கசிந்திருந்தன. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாக எண் படிக்க முடியாத கேட்லாக்கை யார் வாங்குவார்கள்? வாடிக்கையாளர் 3,000-ஐயும் திருப்பிவிட்டார்.

கோப்பைத் திறந்து ஒவ்வொரு பிளேட்டாக (ஒரு மைக்கு ஒரு அச்சுத் தகடு) பார்த்தேன். கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்க வேண்டிய எழுத்து நான்கிலும் இருந்தது. மதிப்புகள் 75, 68, 67, 90. கூட்டினால் 300 சதவீத மை, ஒரு பொடி எழுத்துக்கு! நான்கு பிளேட்டில் ஒன்று துளி நகர்ந்தாலும் எழுத்து கலங்கத்தானே செய்யும். நடந்தது இதுதான்: படத்தைத் திறந்ததும் அந்த லைப்ரரி ஆர்ஜிபி-யாக, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறைக்கு, மாற்றுகிறது. சேமிக்கும்போது மறுபடி சிஎம்ஒய்கே ஆக்குகிறது. கறுப்பு மை மட்டும் என்ற தகவல் ஆர்ஜிபி-யில் கிடையாது, போனது போனதுதான். வெறும் கறுப்பு மை, நான்கு மை கலந்த கறுப்பு, திரையில் இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும். நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் பதில்: உங்கள் மானிட்டர் சரியாக அளவீடு செய்யப்படவில்லை. தாளில் இருக்கும் பிழைக்கு மானிட்டர் என்ன செய்யும்? இரண்டாவது: அச்சகத்தில் கேளுங்கள். அச்சகத்துக்காரர் கோப்பில் இருந்ததைத்தான் அச்சடித்தார். நான்கு சதுரங்கள் மட்டும் உள்ள ஒரு டிஃப் படக் கோப்பை, உள்ளே போன எண்கள், வெளியே வந்த எண்கள் இரண்டோடும் அனுப்பினேன். ஒன்பது நாள் மௌனம். பிறகு ஒரு வரி: "சிஎம்ஒய்கே ஆதரவு என்பது அந்தக் கோப்புகளைத் திறக்கவும் சேமிக்கவும் முடியும் என்பதையே குறிக்கும்." நான் எழுத்தில் கேட்ட கேள்வியை அப்படியே ஒட்டி அனுப்பினேன். பதிலே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் 30 நாள் கடந்துவிட்டதாம். கடக்க வைத்ததே அவர்கள்தான். என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். உரிமம், வீணான தாள், மறுஅச்சு எல்லாம் சேர்த்து மூன்று மாத வருமானம்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஆதரவு" என்ற சொல்லை நம்பாதீர்கள். இடையில் ஆர்ஜிபி-க்குப் போகிறதா என்று கேளுங்கள். கறுப்பு 100 மட்டும் உள்ள ஒரு சதுரத்தை உள்ளே அனுப்பி, வெளியே வருவதைத் திரையில் பார்க்காமல் எண்ணாகப் பாருங்கள். ஐசிசி புரொஃபைல் (எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று படத்தோடு வரும் விவரம்) முழுசாக வருகிறதா என்றும் பாருங்கள்: ஜேபெக்கில் ஒரு துண்டு 65,535 பைட்டைத் தாண்டாது, சிஎம்ஒய்கே புரொஃபைல் பெரும்பாலும் அதைவிடப் பெரிது, பல துண்டாகத்தான் இருக்கும். முதல் துண்டை மட்டும் படித்தால் நிறம் கெட்டது. இதையெல்லாம் பணம் திரும்பக் கிடைக்கும் நாட்களுக்குள்ளேயே செய்யுங்கள், முதல் பிரதியை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்க்காமல் 3,000 அச்சடிக்கச் சொல்லாதீர்கள்.

இதே "முழு ஆதரவு" பதில் வேறு யாருக்காவது வந்திருந்தால், அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.