எடை போடப் போனால் காரணத்தையும் காட்டுகிறார்கள்

டெக்சாஸ் பக்கம் பழைய செஸ்னா 172எம் என்கிற சிறு விமானம் வைத்திருப்பவர்கள், விமானத்தை எடை போட்டுத் தரும் இந்தச் சின்ன ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) கட்டாயம் ஒருமுறை போங்கள். கதவையெல்லாம் சாத்தி, காற்று இறக்கையைத் தூக்காதபடி பார்த்து, மூன்று சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து, விமானத்தை மட்டமாக நிறுத்திய பிறகுதான் எடையைக் குறிக்கிறார்கள். என் விமானம் பழைய எடைப் பதிவில் இருந்ததைவிட 40 பவுண்டு அதிகம்! ஏவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு, ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து மொத்த எடை 2,300 பவுண்டைத் தாண்டக் கூடாது, அப்படியென்றால் முழு எடையோடு கிளம்பும்போது கிட்டத்தட்ட 7 கேலன் எரிபொருளை விட்டுவிட்டுத்தான் பறக்க வேண்டும்.

வேறு இடமாக இருந்தால் புது எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே மெக்கானிக் தரைப்பலகையைக் கழற்றினார். எப்போதோ எடுத்துவிட்ட ஏடிஎஃப் என்கிற, ரேடியோ அலையை வைத்துத் திசை காட்டும் கருவியின் கேபிள் முழுசாக அப்படியே கிடக்கிறது, முனையை மட்டும் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். வால் பக்கம் இரைச்சலைத் தடுக்க ஒட்டிய பஞ்சை அழுத்தினால் தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் ஏறும் எடை ஈர்ப்பு மையத்தையும் பின்னுக்கு இழுக்கும், எனக்கு அதுதான் பயம். அப்புறம், பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே அடித்த இன்னொரு பூச்சு. அடுத்த முறை சுரண்டிவிட்டு அடியுங்கள், அடித்ததும் எய்லரான், எலிவேட்டர், ரடர் என்று இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பாகங்கள் எல்லாவற்றின் சமநிலையையும் பார்த்துவிடுங்கள் என்றார்.

கூலி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கழற்றிய ஒவ்வொன்றையும் தனியாக எடை போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்றும் குறித்துத் தருகிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், கூட்டம் இருக்கிறது.