டேங்கை நிரப்பிப் போவதா, குறைத்துப் போவதா?

சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த ஆட்கள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள். டிவியில் ஃபார்முலா 1 பார்க்கும்போது இரண்டு விஷயம் அவர்களுக்கு எரிச்சலூட்டும். முன்னால் போகிறவன் பிரேக் வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறான். சில நேரம் சொந்த டீம்காரனுக்கு வழியும் விடுகிறான். காரணம் பல நேரம் டேங்கில் இருக்கும்.

2010 முதல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போட முடியாது. ஒரு பந்தயத்துக்கான பெட்ரோல் உச்சவரம்பு 2019 முதல் 2025 வரை 110 கிலோ. (லிட்டரில் ஏன் சொல்வதில்லை? நம்ம ஊர் வெயிலில் பெட்ரோல் விரியும், எடை மாறாது.)

10 கிலோ பாரத்துக்குச் சுற்றுக்கு சுமார் 0.3 நொடி தாமதம் என்பது பழகிய கணக்கு. 5 கிலோ குறைத்துக் கிளம்பினால் முதல் சுற்றில் 0.15 நொடி லாபம். சேமித்துக்கொண்டே ஓட்டுவதால் அந்த எடை வித்தியாசம் கடைசிச் சுற்றில் பூஜ்யமாகிவிடும். 55 சுற்றுக்குச் சராசரி 0.075, மொத்தம் நாலு நொடி. இதற்கு விலை, சுற்றுக்கு 90 கிராம் மிச்சம் பிடிப்பது: நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் புள்ளிக்கு 50, 100 மீட்டர் முன்பே காலை எடுத்து வண்டியை உருள விடவேண்டும். அதில் சுற்றுக்கு 0.075 நொடிக்கு மேல் போனால் குறைத்ததே தண்டம்.

விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தால் மிச்சம் தானாகக் கிடைக்கும். சுவர் நெருங்கிய தெருப்பாதைகளில் அது வர வாய்ப்பு அதிகம், அங்கே குறைத்துப் போவதே சரி. அகலமான பாதையில் நிரப்பிப் போகலாம். மிச்சம் பிடிப்பவனுக்கு டயரும் பிரேக்கும் ஆறிப்போகும், வளைவுக்கு பிரேக் அடிக்கும்போது வீல் சுழலாமல் லாக் ஆகலாம். ரொம்ப உரசிக் கணக்குப் போட்டாலும் ஆபத்து: பந்தயம் முடிந்ததும் பரிசோதனைக்கு 1 லிட்டர் மிஞ்சவேண்டும். 2021 ஹங்கேரியில் வெட்டல் இரண்டாவதாக வந்தார். டேங்கிலிருந்து 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது, தகுதி நீக்கம்.

இனி டீம் உத்தரவு. பெட்ரோல் குறைந்தவன் முன்னால், நிறைந்தவன் பின்னால் என்றால் மாற்றிவிடுவதே நல்லது. பின்னால் போனவனுக்கு ஸ்லிப்ஸ்ட்ரீமில், அதாவது முன்கார் கிழித்துவிட்ட காற்றில், தடை குறையும், பெட்ரோலும் மிஞ்சும். நேர்ப்பாதையில்தான் மாற்றவேண்டும்; வளைவில் ஒதுங்கினால் டயரில் ரப்பர் துகள் ஒட்டும். மூன்றாவது கார் இரண்டு நொடிக்குள் இருந்தால் தொடவே கூடாது.

சிக்கல் மனிதர்களிடம்தான். 2002 ஆஸ்திரியாவில் ஃபெராரி டீமின் பாரிக்கெல்லோ, டீம்காரர் ஷூமாக்கருக்காக முடிவுக் கோட்டருகே வழிவிட்டார். அடுத்து உத்தரவுக்கே தடை. 2010 ஜெர்மனியில் உத்தரவு போட்டதற்காக அதே ஃபெராரிக்கு 1,00,000 டாலர் அபராதம். 2011இல் தடை நீங்கியது. 2013 மலேசியாவில் வெட்டல் உத்தரவை மீறி டீம்காரர் வெப்பரை முந்தினார். 2024 ஹங்கேரியில் நாரிஸ், டீம்காரர் பியாஸ்திரிக்கு இடத்தைத் திருப்பித் தந்தது கடைசிச் சில சுற்றுகளில்தான். ஆகவே எந்தச் சுற்றில் மாற்றம், எந்தச் சுற்றுக்குள் திருப்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யவேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் ஓட்டப் போகிறவர்களுக்கு இந்தக் கிராம் கணக்கெல்லாம் வேண்டாம். குறுகிய பந்தயம். ரேடியோ இல்லாவிட்டால் பிட் போர்டுதான், அதாவது பாதையோரம் டீம் எழுதிக் காட்டும் பலகை. எழுதியதை ஓட்டுநர் பார்ப்பது அடுத்த முறை கடக்கும்போது, எனவே ஒரு சுற்று முன்பே காட்டுங்கள். பெட்ரோலை எடை போட்டு ஊற்றுங்கள், 10 லிட்டர் சுமார் 7.4 கிலோ. கடைசிச் சுற்றுகளில் நீண்ட வளைவில் மட்டும் இன்ஜின் திணறினால், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் அதை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டேங்கில் ஃபோமோ தடுப்புத் தகடோ போடும்வரை மூணு லிட்டர் கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.