மெனுவலா, ஒட்டோமெட்டிக்கா? வளர்ந்த வயதில் கார் பழகுபவர்களுக்கு

கொழும்பில் முப்பது, நாற்பது வயதில் கார் பழக இறங்குபவர் லேர்னர்ஸில், அதாவது சாரதிப் பயிற்சி நிலையத்தில், பெயர் பதியும்போதே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: ட்ரையல், அதாவது ஓட்டிக் காட்டும் பரீட்சை, எதில்? பலர் மெனுவலில் இடது காலால் மிதிக்கும் கிளட்சுக்குப் பயந்து ஒட்டோமெட்டிக் என்கிறார்கள். இன்னும் பலர், "மெனுவல் எடுத்து வைத்தால் பிறகு எதையும் ஓட்டலாம்" என்று வீட்டில் சொன்னதற்காக மெனுவல் என்கிறார்கள். லைசன்ஸ் கிடைத்த மறுநாள் எந்த வாகனத்தின் திறப்பு கையில் இருக்கப்போகிறது என்பதிலிருந்து யோசிப்பதுதான் சரி.

ஒட்டோமெட்டிக்கில் ட்ரையல் கொடுத்தால் சாரதி அனுமதிப்பத்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு விழும். மெனுவல் ஓட்ட முடியாது. மெனுவலில் சித்தியடைந்தவர் இரண்டையும் ஓட்டலாம். வைத்தியச் சான்றிதழ், தமிழிலும் எழுதக்கூடிய எழுத்துப் பரீட்சை, பழகுநர் பெர்மிட், அது கிடைத்து மூன்று மாதம் கழித்து ட்ரையல் என்ற வரிசை இரண்டு வழிக்கும் ஒன்றுதான். அந்த மூன்று மாதம் எதில் கழிகிறது என்பதில்தான் வேறுபாடு.

மெனுவலில் வளர்ந்தவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இடது கால். லேர்னர்ஸ் கார்கள் அதிகமும் 800 சீசீ அளவிலான சிறிய பெற்றோல் கார்கள். குறைந்த வேகத்தில் அந்த இன்ஜினுக்கு இழுவை குறைவு, ஏசியும் போட்டால் இன்னும் குறைவு. அதனால் கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டாலும் கார் குலுங்கி நின்றுவிடும். டீசல் வான் அவ்வளவு எளிதில் நிற்காது. ஆகவே வான் ஓட்டும் உறவினர் "இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்பதை மனதில் எடுக்க வேண்டாம்.

தீர்வு ஒரே பயிற்சி. சமதரையான வெற்றுக் காணியிலோ ஒதுக்கமான ஒழுங்கையிலோ காரை நிறுத்தி, எக்சிலேட்டரைத் தொடாமல் முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல மேலே விடுங்கள். இன்ஜின் சத்தம் கனத்து, பொனட் இலேசாக எழும்பும் இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள். கார் தானாக நகரும். சில அடி போனதும் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துங்கள். ஒரு பயிற்சி வேளையில் இதையே இருபது தடவை செய்யலாம். அந்த இடம் காலுக்குப் பிடிபட்ட பிறகுதான் எக்சிலேட்டர். கிளட்சை முழுதாக அமத்தும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும் அளவுக்கு சீற்றை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். குதியைத் தரையில் ஊன்றுங்கள். றப்பர் செருப்பு வேண்டாம். அது நழுவும், பெடலுக்கு அடியிலும் சிக்கும்.

கொழும்பு சமதரை நகரம், ஏற்றத்தில் காரை எடுப்பதைப் பழக இடம் குறைவு. ஆனால் நெரிசல் நேரத்தில் தெஹிவளை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது அது கட்டாயம் தேவைப்படும். கிளட்சிலேயே காரைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கருகல் மணத்தையும் பிறகு கிளட்ச் பிளேட் செலவையும் சந்திப்பார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் கனத்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுவதே முறை.

ஒட்டோமெட்டிக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கண்ணும் மனமும் முதல் நாளிலிருந்தே ரோட்டுக்குக் கிடைக்கும். இடப்பக்கத்தால் நுழையும் முச்சக்கரவண்டியையும், ஹோல்டிலிருந்து சட்டென்று வெளியே வரும் பஸ்ஸையும் கவனிக்க அது பெரிய உதவி. ஆனால் அதன் ஆபத்து வேறு. மெனுவலில் தவறு செய்தால் கார் பெரும்பாலும் நின்றுவிடும். ஒட்டோமெட்டிக்கில் தவறு செய்தால் கார் பாயும். பிரேக் என்று நினைத்து எக்சிலேட்டரை மிதிப்பது ரிவர்ஸ் எடுக்கும்போதும் நடக்கலாம். உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கையில் வலது காலும் இடம் மாறிவிடலாம். குதி எப்போதும் பிரேக்குக்கு நேரே இருக்கட்டும், எக்சிலேட்டருக்கு முன்பாதம் மட்டும் திரும்பட்டும். இடது காலுக்கு வேலையே இல்லை.

பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்களில் இன்னொன்று. திறப்பைப் போட்டதும் இன்ஜின் சத்தம் கேட்காமலேயே கார் தயாராகிவிடும். ஓஃப் என்று நம்பி கியரைத் தட்டி எக்சிலேட்டரை அமத்தினால் அது கிளம்பிவிடும். ஆகவே பிரேக்கில் கால் வைக்காமல் கியரைத் தொடுவதில்லை என்பதைப் பழக்கமாக்குங்கள்.

இனி, லேர்னர்ஸ் காரா, வீட்டுக் காரா? லேர்னர்ஸ் காரில் பக்கத்தில் இருப்பவருக்கும் பிரேக், கிளட்ச் இருக்கும். அது பாதுகாப்பு, அதுவே ஏமாற்றமும். பயிற்றுநர் சத்தமில்லாமல் கிளட்சைப் பிடித்துக்கொண்டால், பழகுபவர் தானே ஓட்டுவதாக நம்பி ட்ரையலில் திகைப்பார். இரண்டாம் வாரத்திலிருந்து, "கால்களைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கோ, தேவைப்பட்டால் மட்டும் மிதியுங்கோ" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் கோபிக்கமாட்டார்.

வீட்டுக் காரில் அந்த இரண்டாவது பிரேக் இல்லை. நடுவில் ஹேண்ட்பிரேக் லீவர் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் இழுத்தாவது நிறுத்தலாம். ஜப்பானிய கார்கள் சிலவற்றில் பார்க்கிங் பிரேக் காலால் மிதிப்பது. அது சாரதி பக்கத்தில் மட்டுமே இருக்கும். அப்படியான காரில் முதல் மாதம் பழகாதீர்கள். எல் போர்டையும், அனுபவமுள்ள லைசன்ஸ்காரரையும் விட்டுவிட்டு எந்தக் காரையும் எடுக்காதீர்கள். ஞாயிறு, போயா நாட்களின் விடியற்காலையில் மரைன் டிரைவ் போன்ற நேரான ரோடுகளில் தொடங்கி, கடைசியில் காலி வீதிக்கு வாருங்கள்.

எங்கள் தீர்ப்பு இது. வீட்டில் ஒட்டோமெட்டிக் கார் நிற்கிறது, ஓட்டப்போவது வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும்தான் என்றால் தயங்காமல் ஒட்டோமெட்டிக் எடுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. கடை வான், அலுவலக வாகனம், சாரதி வேலை என்ற வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும் மெனுவல். வெளிநாட்டு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் அதேதான். அமீரகத்திலும் ஒட்டோமெட்டிக் கட்டுப்பாடு லைசன்ஸில் குறிக்கப்படும். மெனுவல் என்று முடிவெடுத்தும் ரோட்டைக் கண்டாலே பதற்றம் வருகிறது என்றால், முதல் சில வாரம் ஒட்டோமெட்டிக்கில் ரோட்டைப் பழகி, பிறகு கிளட்சுக்குப் போவது நல்லது. கண்ணும் காலும் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை.

எதைத் தெரிவுசெய்தாலும், ட்ரையலுக்குத் தரப்படும் கார் எது என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கிளட்ச் பிடிக்கும் உயரம் காருக்குக் கார் மாறும். பழகாத காரில் அன்று காலையில் ஏறுவதைவிட, அதே காரில் கடைசி இரண்டு வகுப்புகளை வாங்கிக்கொள்வது மேல்.