சாவி வாங்கும் முன் மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள்

சென்னைப் புறநகரில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோக நாள் குறித்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். "கரண்ட் எல்லாம் வந்தாச்சு சார், நீங்க பால் காய்ச்சிடுங்க" என்று பில்டர் எங்களிடமும் சொன்னார். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, நம்பிவிட்டோம்.

முதல் மாத முடிவில் பில்டர் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. யூனிட்டுக்கு 14 ரூபாய். இரண்டு மாதத்தில் நாங்கள் செலவழித்தது 300 யூனிட், கட்டியது 4,200 ரூபாய். இதே 300 யூனிட்டுக்கு வீட்டு இணைப்பு இருந்திருந்தால் அப்போது முதல் 100 இலவசம், மீதி 200-க்கு ஆயிரம் ரூபாய்கூட வந்திருக்காது. வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டி ஓய்ந்து குடிவந்த குடும்பங்களிடம் இப்படி வாங்கினார்கள்.

ஈ.பி. ஆபீஸுக்குப் போனபோதுதான் விஷயமே புரிந்தது. எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது கட்டட வேலைக்காக வாங்கிய தற்காலிக இணைப்பு. அதற்குக் கட்டணம் மிக அதிகம். அதிலிருந்து வயர் இழுத்து, வீட்டுக்கு ஒரு சப்-மீட்டர் வைத்திருக்கிறார்கள். அனுமதித்தபடி கட்டடம் கட்டி முடிந்தது என்று தரும் பணி நிறைவுச் சான்றிதழைப் பில்டர் வாங்காததால் நிரந்தர இணைப்புக்கு வழியில்லை. "உங்க பேர்ல இணைப்பே இல்லைங்க, நான் எதை வெச்சு புகார் எடுக்கறது?" என்று அங்கே இருந்தவர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மின்வாரியக் கணக்கில் நாங்கள் நுகர்வோரே கிடையாது. காஸ் இணைப்புக்கு முகவரிச் சான்றாகக் காட்ட ஒரு ஈ.பி. ரசீதுகூட இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் நாலு வீட்டில் ஏ.சி. போட்டால் மொத்தக் கட்டடமும் இருட்டாகிவிடும்.

மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு தனி இணைப்பா, கட்டடம் முழுக்க ஒரே இணைப்பா என்பதைக் வீட்டு உரிமையாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் விருப்பம்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே இணைப்பு என்றாலும் வீட்டு மின்சாரம், ஜெனரேட்டர், பொது இடம் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் அந்த 14 ரூபாய். கணக்குக் கேட்டவர் வீட்டு ஃப்யூஸை இரவு ஒன்பது மணிக்குப் பிடுங்கினார்கள். உள்ளே கைக்குழந்தை இருந்தது. இதை என்னால் மன்னிக்கவே முடியாது.

அதனால் பத்திரப்பதிவுக்கு முன்பே பணி நிறைவுச் சான்றிதழின் நகலையும், உங்கள் வீட்டுக்கான மின் இணைப்பு எண்ணையும் கேளுங்கள். எண்ணைத் தந்தால் மின்வாரிய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், எந்த வகைக் கட்டணம் என்று தெரிந்துவிடும். "அடுத்த மாசம் வந்துடும்" என்றால் கடைசித் தவணையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு நின்றோம், எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது எங்கள் பேரில் இணைப்பு வந்துவிட்டது. கூடுதலாக வாங்கிய பணம் வரவில்லை. எட்டு மாத ரசீதுகளையும் வீடு வீடாக வாங்கி, நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க அடுக்கி வைத்திருக்கிறோம்.